எல்லா இலாகாக்களும் ஒருவரிடம்: மெசபடோமியத் தெய்வங்களும் எபிரேயரின் கடவுளும்

விவிலியத்தின் கடவுள் சுமேரியத் தெய்வமான என்லிலின் நகல் என்று ஒரு காணொளி அடித்துச் சொல்கிறது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அடுத்த காணொளி மறுக்கிறது. இரு தரப்பும் காட்டுவது பெரும்பாலும் மெசபடோமியாவில் கிடைத்த, எழுத்துப் பொறித்த அதே களிமண் பலகைகளைத்தான். அனுன்னாகி என்ற தெய்வக் கூட்டத்தை வேற்றுக்கிரக வாசிகளாக்கும் கதைகளுக்குப் பலகைகளில் எந்த ஆதாரமும் இல்லை என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம். மற்ற இரு தரப்பினரின் வாதங்களைப் புரிந்துகொள்ள, எந்த ஒற்றுமை எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

சில அடிப்படைகள்

மெசபடோமியா என்பது டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம். இன்றைய ஈராக்கின் பெரும்பகுதி அதில் அடங்கும். பழைய தமிழ் வேதாகமத்தில் இவ்வாறுகள் இதெக்கேல், ஐபிராத்து என்ற பெயர்களில் வருகின்றன. அங்கே சமயநூல்கள் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டன. சுமேரிய மொழிக்கு நிறுவப்பட்ட உறவுமொழி எதுவும் இல்லை. அக்காடிய மொழி செமிட்டியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எபிரேயமும் அதே குடும்பம்.

இந்த உறவை மறந்தால் முதல் குழப்பம் தொடங்கிவிடும். அக்காடியத்தில் தெய்வத்தைக் குறிக்கும் சொல் 'இலு', எபிரேயத்தில் 'ஏல்'. இரண்டும் ஒரே மூதாதைச் சொல்லிலிருந்து பிறந்தவை. எவரும் எவரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. ஒலி ஒற்றுமை ஏமாற்றக்கூடியது என்பதற்குத் தமிழருக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஊர் என்ற சுமேரிய நகரின் பெயரை நம் 'ஊர்' என்ற சொல்லோடு இணைத்துப் பேசுவோர் பலர். ஆனால் சுமேரியர் அந்நகரை 'ஊரிம்' என்றே அழைத்தனர். பிற்கால வடிவத்தை வைத்துக்கொண்டு முற்கால உறவைக் கட்ட முடியாது.

எபிரேய நூல்கள், அதாவது கிறிஸ்தவர் பழைய ஏற்பாடு என்று அழைப்பவை, கடவுளை ஏல், ஏலோகிம், யாவே எனப் பல பெயர்களால் குறிக்கின்றன. ஏலோகிம் வடிவில் பன்மை. கடவுளைக் குறிக்கும்போது பெரும்பாலும் ஒருமை வினையை ஏற்கும். யாவே என்பது நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்படும் தனிப்பெயர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் 'கர்த்தர்' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'ஆண்டவர்' என்றும் தருவதால், தமிழில் வாசிப்பவருக்கு அது ஒரு தனிப்பெயர் என்பதே தெரியாமல் போகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். பல தெய்வங்கள் இருப்பதாக ஒப்புக்கொண்டே ஒருவரை மட்டும் வணங்குவது ஒன்று. ஒருவரைத் தவிர வேறு தெய்வமே இல்லை என்பது இன்னொன்று. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்ற கட்டளை (யாத்திராகமம் 20:3) முதல் நிலையோடு பொருந்துகிறது. ஏசாயா 45ஆம் அதிகாரம் இரண்டாம் நிலையை அறிவிக்கிறது. எபிரேய நூல்கள் பல நூற்றாண்டுகளில் உருவானவை. அவற்றில் ஒரே கடவுட்கருத்து மாறாமல் இருந்தது என்று எடுத்துக்கொள்வதே பல வாதங்களின் அடிப்படைப் பிழை.

மெசபடோமியத் தெய்வங்களுக்கோ இலாகாக்கள் பிரிக்கப்பட்டிருந்தன. ஆனு வானத்துக்கு உரியவர், என்லில் ஆணைக்கு, ஏயா (சுமேரியத்தில் என்கி) அறிவுக்கும் நன்னீருக்கும், சின் நிலவுக்கு, ஷமாஷ் சூரியனுக்கும் நீதிக்கும், அதாத் மழைக்கு, இஷ்தார் காதலுக்கும் போருக்கும். ஒவ்வொருவருக்கும் தலைமைக் கோயில் ஒரு நகரில் இருந்தது: என்லிலுக்கு நிப்பூர், ஷமாஷுக்குச் சிப்பார், மார்துக்குக்குப் பாபிலோன்.

ஒப்பீடு தொடங்கிய விதம்

1872 டிசம்பர் 3 அன்று, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ஜார்ஜ் ஸ்மித், பழைய அசீரியத் தலைநகரான நினிவேயில் கிடைத்த ஒரு பலகையை இலண்டன் கூட்டமொன்றில் மொழிபெயர்த்து வாசித்தார். பிரதமர் கிளாட்ஸ்டனும் அவையில் இருந்தார். கப்பல், வெள்ளம், பறவைகளைப் பறக்கவிடுதல் என நோவாவின் கதையை ஒத்த ஒரு கதை அதில் இருந்தது. 1902 ஜனவரியில் பெர்லினில், பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில், பிரீட்ரிக் டெலிட்ஸ் என்ற அறிஞர் ஒரு படி மேலே போனார்: விவிலியத்தின் சிறந்த கருத்துகள் பாபிலோனிலிருந்து வந்தவை, யாவே என்ற பெயர்கூட அங்கேயே இருந்தது என்றார். அவர் காட்டிய வாசிப்பைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. 1970களில் சிரியாவின் எப்லா நகரப் பலகைகளிலும் இதே போன்ற உரிமைக்கோரல் எழுந்து, இதே போல் அடங்கிற்று.

இந்த மிகையைப் பார்த்துச் சலித்த விவிலிய அறிஞர் சாமுவேல் சாண்ட்மெல் 1961இல் ஒரு தலைமையுரையில் இதை 'ஒப்புமைப் பித்து' என்ற பொருள்படும் சொல்லால் கண்டித்தார். பித்தைத் தவிர்க்க, ஒற்றுமைகளைத் தரம் பிரிப்பது உதவும்:

1. ஒரே மொழிக்குடும்பத்தால் வரும் ஒற்றுமை. இலு, ஏல் போன்றவை. இவை கடனைக் காட்டா.
2. ஒரே வகை வாழ்க்கையால் வரும் ஒற்றுமை. தெய்வம் அரசன், மேய்ப்பன், நீதிபதி என்பன. ஆடு மேய்த்து அரசனுக்கு வரி கட்டிய எந்தச் சமூகமும் இப்படிப் பாடியிருக்கும்.
3. சிறு விவரங்கள் பல, ஒரே வரிசையில் வருதல். இங்கேதான் ஒரு நூல் இன்னொரு நூலை அறிந்திருக்க வேண்டும் என்ற வாதம் வலுப்பெறுகிறது.
4. எங்கிருந்து வந்தது என்பதைத் தன் வடிவிலேயே காட்டும் கடன்சொல்.

தொடர்புக்கு வழி இருந்ததா என்றால், இருந்தது. வெள்ளக் கதையும் அடங்கிய மெசபடோமியக் காவியமான கில்கமேஷின் ஒரு துண்டு இஸ்ரேலின் மெகிதோவிலேயே கிடைத்துள்ளது. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட எபிரேய அரசான யூதா, வட மெசபடோமியப் பேரரசான அசீரியாவுக்குத் திறை செலுத்தியது, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதாவின் மேல்தட்டு மக்கள் பாபிலோனுக்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

வெள்ளக் கதை: வேடங்கள் ஒன்றாகும்போது

மூன்றாம் வகைக்குச் சிறந்த சான்று வெள்ளக் கதை. கில்கமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில், வெள்ளத்தில் தப்பிய உதா-நபிஷ்தி புறா, தகைவிலான் குருவி, காகம் ஆகியவற்றை வரிசையாக விடுகிறான். நோவா காகத்தையும் புறாவையும் விடுகிறான். இருவர் கப்பலும் மலைமேல் தங்குகிறது. இருவரும் இறங்கியதும் பலி செலுத்துகின்றனர். பாபிலோனியக் கதையில் தெய்வங்கள் நறுமணத்தை முகர்ந்து ஈக்களைப் போல் பலியை மொய்க்கின்றன. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் 8:21இல் "சுகந்த வாசனையைக் கர்த்தர் முகர்ந்தார்". இத்தனையும் தற்செயலாக அமைந்தன என்று சொல்வது கடினம்.

ஆயினும் ஒற்றுமைப் பட்டியலோடு நிறுத்திவிட்டால், இக்கதையில் கற்க வேண்டியது கைநழுவிப் போகிறது. பாபிலோனிய வடிவங்களில், குறிப்பாக அத்ரஹாசிஸ் என்ற பழைய காவியத்தில், யார் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம்:

1. அழிப்பவர் என்லில். பெருகிவிட்ட மனிதரின் இரைச்சலால் அவருக்கு உறக்கம் கெடுகிறது.
2. காப்பவர் ஏயா. மனிதரிடம் சொல்வதில்லை என்று மற்றத் தெய்வங்களோடு ஆணையிட்டிருந்ததால், நாணல் சுவரிடம் பேசுவது போல் பேசித் தன் அடியவனை எச்சரிக்கிறார்.
3. அழுபவள் தாய்த்தெய்வம். தான் பெற்ற மக்கள் நீரில் மிதப்பதைக் கண்டு, இந்த முடிவுக்கு எப்படி உடன்பட்டேன் என்று புலம்புகிறாள்.
4. வெள்ளம் வடிந்தபின் தெய்வங்களுக்குள் சண்டை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஏயா கேட்கிறார், என்லில் தணிகிறார்.

ஆதியாகமத்தில் இந்த வேடங்கள் அத்தனையும் ஒருவருக்கே. அழிக்க முடிவெடுப்பவரும், நோவாவை எச்சரிப்பவரும், வருந்துபவரும், இனி இப்படிச் செய்வதில்லை என்று உறுதி கூறுபவரும் அவரே. அங்கே பல தெய்வங்களுக்கிடையே நடந்த வழக்கு இங்கே ஒரே கடவுளின் உள்ளத்துக்குள் நடக்கிறது. மனிதனை உண்டாக்கியதற்காகக் கர்த்தர் "மனஸ்தாபப்பட்டார்" என்ற வரி (ஆதியாகமம் 6:6) இறையியலாளரை நெடுங்காலமாகச் சங்கடப்படுத்தி வருகிறது. எல்லாம் அறிந்தவர் எப்படி வருந்துவார் என்று. கதையின் பழைய பங்கீட்டைத் தெரிந்துகொண்டால், அந்த வரி ஏன் அங்கே வர நேர்ந்தது என்பது விளங்குகிறது. வேறு எவரும் மேடையில் இல்லாதபோது என்லிலின் சினமும் தாய்த்தெய்வத்தின் அழுகையும் ஒரே நெஞ்சில்தான் இருக்க முடியும்.

காரணமும் மாறுகிறது. இரைச்சல் என்பது தெய்வத்தின் வசதியைச் சார்ந்த காரணம். ஆதியாகமம் சொல்லும் அக்கிரமமோ ஒழுக்கம் சார்ந்தது. தெய்வத்தின் பசியும் மறைகிறது. அத்ரஹாசிஸில் மனிதர் அழிந்ததால் படையல் நின்று தெய்வங்கள் பட்டினி கிடக்கின்றன. சங்கீதம் 50 அந்த எண்ணத்தையே கேலி செய்கிறது. வாசனையை முகர்தல் மட்டும் பழைய கதையின் தழும்பாக எஞ்சியிருக்கிறது.

படைப்பும் கடலும்

எனுமா எலிஷ் என்ற ஏழு பலகைக் காவியத்தில் மார்துக் கடல்தெய்வமான தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியால் வானத்தை அமைக்கிறார். ஆதியாகமம் 1:2இல் வரும் ஆழத்தின் பெயர் 'தெகோம்' (ஒலிப்பில் 'தெஹோம்'). தியாமத்திலிருந்து தெகோம் வந்தது என்று பலகாலம் எழுதப்பட்டது. ஆனால் எபிரேயச் சொல்லின் நடுவே உள்ள ஹகர ஒலி அக்காடியத்தில் தேய்ந்துவிட்ட ஒன்று; தேய்ந்த வடிவத்தைக் கடன் வாங்கித் தேயாத வடிவத்தை உண்டாக்க முடியாது. எனவே இதுவும் முதல் வகை ஒற்றுமைதான். கடலோடு போரிடும் கடவுள் சங்கீதம் 74இலும் ஏசாயா 27:1இலும் இருக்கிறார். ஆனால் அங்கே வரும் லிவியாதான் என்ற நாகத்தின் நெருங்கிய உறவு, 1929 முதல் அகழ்ந்தெடுக்கப்பட்ட சிரியக் கடற்கரை நகரமான உகாரித்தின் பாடல்களில் கிடைக்கிறது. எபிரேயருக்கு பாபிலோனைவிட, அவர்கள் வாழ்ந்த மத்தியதரைக் கடலோர நிலமான கானான் அருகில் இருந்தது என்பதை, பாபிலோனையே பார்த்துக்கொண்டிருப்போர் மறந்துவிடுகின்றனர்.

படைப்புக் கதையின் உண்மையான மறுமொழி வேறிடத்தில் உள்ளது. எபிரேயத்தில் சூரியனுக்குச் 'ஷெமெஷ்' என்று பெயர். ஷமாஷ் என்ற தெய்வப் பெயரும் அதே சொல். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் அந்தப் பெயரை உச்சரிக்காமல் 'பெரிய சுடர்', 'சிறிய சுடர்' என்கிறது. இரண்டு தெய்வங்கள் இரண்டு விளக்குகளாகப் பணியிறக்கம் பெறுகின்றன. அதே அதிகாரத்தில் மனிதன் கடவுளின் 'ட்செலெம்', அதாவது சாயல். இதன் அக்காடிய இணையான 'ட்சல்மு' கோயிற்சிலையையும், தெய்வத்தின் உருவான அரசனையும் குறித்த சொல். தெய்வங்களின் சுமையைத் தாங்கப் படைக்கப்பட்ட கூலியாள் என்ற அத்ரஹாசிஸின் மனிதனுக்கு, இங்கே அரசனின் பட்டம் கிடைக்கிறது.

அவை கலைந்த கதை

மெசபடோமியத் தெய்வங்கள் 'புஹ்ரு' என்ற அவையில் கூடி ஊழை முடிவு செய்தன. எபிரேய நூல்களிலும் அவை உண்டு: "தேவசபையிலே தேவன் எழுந்தருளியிருக்கிறார்" என்று தொடங்கும் சங்கீதம் 82, அங்கிருக்கும் தேவர்கள் மனிதரைப் போல் சாவார்கள் என்று தீர்ப்பளிக்கிறது. உபாகமம் 32:8இல், மக்களினங்களின் எல்லைகள் 'இஸ்ரவேல் புத்திரரின்' தொகைக்கு ஏற்ப வகுக்கப்பட்டன என்று எபிரேய மரபுப் பாடமும் அதைப் பின்பற்றும் தமிழ் மொழிபெயர்ப்பும் சொல்கின்றன. சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய எபிரேயச் சுருள்களில் ஒன்றில் அந்த இடத்தில் 'தேவபுத்திரர்' என்று இருக்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தெய்வம் என்ற பழைய எண்ணத்தைப் பிற்காலத்தவர் ஒரு சொல்லைத் திருத்தி மறைத்தனர் என்பதே இதற்குப் பல அறிஞர் தரும் விளக்கம்.

சாபங்களின் வரிசை

என் கணிப்பில் மிக வலிய சான்று, கதைகளைவிட வறண்டதாகத் தோன்றும் ஓர் அரசியல் ஆவணத்தில் இருக்கிறது. கி.மு. 672இல் அசீரிய மன்னன் எசர்ஹத்தோன், தனக்குப்பின் மகன் அசூர்பனிபாலுக்கு விசுவாசமாக இருப்பதாகத் தனக்குக் கீழ்ப்பட்டோரை ஆணையிட வைத்தான். அந்த உடன்படிக்கையின் படிகள் 1955இல் நிம்ரூதிலும், 2009இல் துருக்கியின் தெல் தாயினாத்திலும் கிடைத்தன. எசர்ஹத்தோனுக்குத் திறை செலுத்தியவர் பட்டியலில் யூதாவின் மன்னன் மனாசேயின் பெயரும் உண்டு.

ஆணையை மீறுவோருக்கு விடுக்கப்படும் சாபங்களில் இலாகாப் பிரிவு அப்படியே தெரிகிறது:

1. சின் தொழுநோயால் போர்த்துவாராக.
2. ஷமாஷ் கண்ணொளியைப் பறித்து இருளில் நடக்க வைப்பாராக.
3. போர்த்தெய்வமான நினுர்த்தா அம்பெய்து வீழ்த்தி, உடலைக் கழுகுக்கு இரையாக்குவாராக.
4. வெள்ளிக்கோள் (இஷ்தாரின் கோள்) கண்ணெதிரே மனைவியரைப் பகைவனுக்கு உரியவராக்குவதாக.

உபாகமம் 28ஆம் அதிகாரத்தில் பறவைகளுக்கு இரையாகும் பிணங்கள், தோல் நோய், குருட்டுத்தனம், பிறனுக்கு உரியவளாகும் பெண் ஆகிய சாபங்கள் 26ஆம் வசனத்திலிருந்து அடுத்தடுத்து வருகின்றன. வானம் வெண்கலமாகவும் பூமி இரும்பாகவும் ஆகும் என்ற சாபத்துக்கும் அசீரிய இணை உண்டு. தோல் நோயை அடுத்து ஏன் குருட்டுத்தனம் வர வேண்டும்? உபாகமத்துக்குள் அதற்குக் காரணம் தென்படவில்லை. அசீரியப் பட்டியலில் காரணம் வெளிப்படை: தெய்வ வரிசையில் நிலவை அடுத்துச் சூரியன். தெய்வங்களின் பெயர்கள் நீக்கப்பட்டபின் அவர்களின் தண்டனைகள் மட்டும் கிட்டத்தட்ட அதே வரிசையில் எஞ்சியுள்ளன. இவை இரண்டுக்கும் பொதுவான உடன்படிக்கை மரபிலிருந்து வந்தவை என்று வாதிடும் அறிஞரும் உண்டு. அவர்கள் வாதத்தை ஏற்றாலும், பல தெய்வங்களின் தண்டனைகள் ஒருவரிடம் சேர்ந்தன என்பது மாறாது.

இதில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. அசூர்பனிபாலை உன்னைப் போல் நேசி என்று கேட்கிறது உடன்படிக்கை. முழு இருதயத்தோடு கர்த்தரை நேசி என்கிறது உபாகமம் 6:5. எபிரேயரின் கடவுள் இங்கே எடுத்துக்கொள்வது அசீரியத் தெய்வத்தின் இடத்தை மட்டுமல்ல, அசீரியப் பேரரசனின் இடத்தையும். தெய்வத்துக்கும் குடிக்கும் நடுவே நின்ற அரசன் அப்புறப்படுத்தப்படுகிறான். ஹம்முராபியின் கல்தூணில் ஷமாஷ் அதிகாரத்தை வழங்க, சட்டத்தை இயற்றுபவன் அரசன். சீனாய் மலையில் கடவுளே சட்டம் தருகிறார்.

பாபிலோனும் அதே வழியில்

ஒருமையை நோக்கிய நகர்வு எபிரேயருக்கு மட்டும் உரியதன்று. ஒரு பாபிலோனியப் பலகை இப்படிப் பட்டியலிடுகிறது: நெர்கல் என்பவர் போரின் மார்துக், என்லில் ஆட்சியின் மார்துக், சின் இரவுக்கு ஒளி தரும் மார்துக், ஷமாஷ் நீதியின் மார்துக், அதாத் மழையின் மார்துக். எல்லா இலாகாக்களும் மார்துக்கிடம் சேர்கின்றன. ஆயினும் மற்றவர் கோயில்களை எவரும் மூடவில்லை. சேர்த்தல் பாபிலோனின் முறை. விலக்கல் ஏசாயாவின் முறை.

யாரும் எடுத்துக்கொள்ளாத இலாகாக்கள்

எல்லாப் பொறுப்பும் யாவேயிடம் உடனே சென்றுவிடவில்லை. இரண்டு இடங்கள் நெடுங்காலம் காலியாகவே இருந்தன.

முதலாவது இஷ்தாரின் இடம். எபிரேயரின் கடவுளுக்கு, நூல்கள் இறுதி வடிவம் பெற்றபோது, துணைவி இல்லை. மக்கள் வழக்கம் அப்படி இருக்கவில்லை: கி.மு. 800ஐ ஒட்டிய, சீனாய்ப் பாலையின் குந்திலெத் அஜ்ரூத் என்ற இடத்து எழுத்துப் பதிவுகள் யாவேயையும், பெண்தெய்வப் பெயரான 'அவருடைய அசேரா'வையும் சேர்த்தே சொல்கின்றன. எரேமியா 44இல் ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே, வானராக்கினி (வானத்தின் அரசி) எனப்பட்ட பெண்தெய்வத்துக்குப் படைத்த காலத்தில் வயிறாரச் சாப்பிட்டோம், நிறுத்தியபின்தான் எல்லாம் குறைந்தது என்கிறார்கள். அவளுக்கு அவர்கள் சுட்ட பணியாரத்துக்கு எபிரேயத்தில் உள்ள 'கவ்வான்' என்ற சொல், இஷ்தார் வழிபாட்டோடு தொடர்புடைய 'கமானு' என்ற அக்காடியச் சொல்லிலிருந்து வந்தது. மேலே சொன்ன நான்காம் வகைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை; தெய்வம் விலக்கப்பட்டாலும் பலகாரத்தின் பெயர் நூலில் தங்கிவிட்டது.

இரண்டாவது இறந்தோர் உலகம். பாபிலோனில் அதற்கு எரேஷ்கிகாலும் நெர்கலும் இருந்தனர். சங்கீதம் 6இலும் 88இலும் பாதாளம் என்பது யாவேயைத் துதிக்க எவரும் இல்லாத இடம். நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும் நீர் அங்கே இருக்கிறீர் என்று சங்கீதம் 139 பாடும்போதுதான் அந்த எல்லையும் அவர் ஆளுகைக்குள் வருகிறது.

ஒரே வெற்றி, இரண்டு தெய்வங்கள்

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். 1879இல் கண்டெடுக்கப்பட்ட அவனுடைய களிமண் உருளை, மார்துக் நாடுகளெல்லாம் தேடி, நேர்மையான அரசனின் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்தார் என்கிறது. ஏசாயா 45இல் யாவே அதே கோரேசின் வலக்கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைக்கிறார். அரசவை மொழி ஒன்றே. ஆனால் ஏசாயா அங்கே நிற்கவில்லை. அடுத்த சில வசனங்களில், ஒளியையும் இருளையும் சமாதானத்தையும் தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே என்று கடவுள் சொல்கிறார். வேறு எவரும் இல்லை என்றால், தீங்குக்கும் வேறு ஆள் இல்லை.

இதன் பொருளை எருசலேம் ஏற்கெனவே அனுபவித்திருந்தது. கி.மு. 2004ஐ ஒட்டி வீழ்ந்த ஊர் நகருக்கான சுமேரியப் புலம்பலில், அந்நகரின் தெய்வமான நிங்கால் அவைமுன் நின்று கண்ணீரோடு மன்றாடுகிறாள். என்லில் கேட்கவில்லை என்றாலும், நகருக்காக அழ ஒரு தெய்வம் இருந்தது. கி.மு. 586இல் எருசலேம் எரிந்தபின் எழுந்த புலம்பல் நூலில் அப்படி எவரும் இல்லை. விதவைக்கு ஒப்பான நகரமே தெய்வத்தின் இடத்தில் உட்கார்ந்து அழுகிறது. பகைஞனைப் போல் ஆனவர் என்று யாரைச் சொல்கிறதோ, அவரிடமே முறையிடுகிறது. நூலின் கடைசி வசனம், நீர் எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்ற ஐயத்தோடு முடிகிறது. ஆலயம் அழிந்த நினைவு நாளில் யூதர்கள் இந்நூலை வாசிக்கும்போது அந்த வசனத்தில் நிறுத்துவதில்லை. அதற்கு முந்திய, எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்ற வசனத்தை மறுபடியும் வாசித்தே முடிக்கின்றனர்.